காவலும் தெளிவும்

ஊருக்கு மதில் வேண்டும். மதிலுக்கு வாயில் வேண்டும். வாயிலுக்குக் காவலன் வேண்டும். காவலன் இல்லாத வாயிலின் வழியே பகைவன் புகுவான். காவலன் வரம்பின்றி ஐயுறுவானாயின், நெல் மூட்டையும் உப்பு வண்டியும் வாயிலிலேயே தேங்கி நிற்க, உள்ளிருப்போர் பசியால் வாடுவர். முன்னாளில் அரண்களுக்குப் பொருந்திய இவ்வுண்மை, இந்நாளில் அலுவலகக் கணிப்பொறிகளுக்கும் பொருந்துவதாகும்.

சென்னை அசோக் நகரில், நாற்றிசையும் நோக்கும் சிங்கங்களைத் தாங்கிய தூண் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் அலுவலகங்கள் பல உள. விலைப்பட்டியல், வரிக்கணக்கு, விண்ணப்பம் ஆகியவை இத்தகைய அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் வழியாகவே வருகின்றன. காலையில் கணிப்பொறியை இயக்கியவுடன் மடல்கள் வந்து சேர்தல் வேண்டும். சிற்சில வேளைகளில் அவை வாராது தயங்கும். திறந்த மடலும் விரியாது நிற்கும். கணிப்பொறி பழுதுற்றதோ, இணைய இணைப்புத் தளர்ந்ததோ என அலுவலர் மயங்குவர். காவலுக்கென அமைத்த நிரலே அத்தயக்கத்திற்குக் காரணமாதலும் உண்டு.

கணிப்பொறியின் செயல் ஒவ்வொன்றும் நிரல் என்னும் கட்டளைத் தொகுதியால் நிகழ்வது. உரியவர் அறியாமல் உட்புகுந்து, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, தீங்கு விளைக்கும் நிரலை நச்சுநிரல் என்பர். வைரஸ் என உலகோர் வழங்குவதும் இதனையே. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், காதல் மடல் என்னும் போர்வையில் நச்சு மின்னஞ்சல் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பரவியது. அதன் இணைப்பைத் திறந்தவரின் முகவரி ஏட்டில் இருந்தோர்க்கெல்லாம் அது தானே சென்றது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையும் அன்று தன் மின்னஞ்சல் பணியை நிறுத்திவைக்க நேர்ந்தது.

தமிழ்நாடும் இத்தகைய தீங்கிற்கு விலக்கன்று. 2019ஆம் ஆண்டில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகப் பணிக்குரிய கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்திருந்தமை கண்டறியப்பட்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு இணையத்தோடு தொடர்பின்றித் தனித்து விளங்கியமையால், அதற்கு ஊறு நேரவில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. எளிய அலுவலகக் கணிப்பொறிக்கும் காவல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

அக்காவலைச் செய்வது நச்சுநிரல் தடுப்பு நிரல். இதனை ஆக்கும் தொழில் சென்னைக்குப் புதியதன்று. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் 1991ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. தடுப்பு நிரல் இருவகையால் தொழிற்படும். முன்னரே அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களோடு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தல் ஒன்று. ஐயத்திற்குரிய செயல் நிகழ்கின்றதா எனக் கண்காணித்தல் மற்றொன்று. இரண்டும் கணிப்பொறியின் உழைப்பை வேண்டுவன.

இனி, மின்னஞ்சல் தடைப்படும் வகைகளை நோக்குவோம். முதலாவது, தடுப்பு நிரல் மடலை இடைமறித்து, முழுவதும் வாங்கி ஆராய்ந்த பின்னரே விடுக்கும். ஜிமெயிலில் 25 மெகாபைட்டு வரை இணைப்பு அனுப்பலாம். அத்தகைய பெரிய இணைப்பைச் சுருக்கம் நீக்கி ஆராய்வதற்குள், விடை வரவில்லை என்று அஞ்சல் நிரல் கருதி அதே மடலை மீண்டும் கேட்கும். வேலை இரட்டிக்கும், மடலோ வந்தபாடில்லை.

இரண்டாவது, அஞ்சல் நிரல்கள் சில, ஆயிரக்கணக்கான மடல்களை ஒரே கோப்பினுள் பெட்டகம்போல் சேர்த்து வைக்கும். மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், அப்பெட்டகம் 50 ஜிகாபைட்டு வரை வளர இடம் உண்டு. ஒரு மடல் புதிதாகச் சேரினும், பெட்டகமே மாறிய கோப்பாகத் தோன்றும். அது மாறுந்தோறும் காவலன் அதனை ஆராயப் புகின், அலுவலர் காத்திருப்பதன்றி வேறு செய்ய இயலாது. ஒரு மடலில் நஞ்சு கண்டு பெட்டகம் முழுவதையும் அவன் ஒதுக்கிவிடின், நல்ல மடல்களும் உடன் மறையும்.

மூன்றாவது, ஒரே கணிப்பொறியில் இரண்டு தடுப்பு நிரல்களை அமைத்தல். ஒன்று திறந்த கோப்பை மற்றொன்று ஐயுற, இரண்டும் ஒன்றனை ஒன்று தடுத்து நிற்கும். பணி மிகுந்த முற்பகலில் முழுச் சோதனையை நடத்துவதும் இத்தகையதே.

இத்தடையினும் பெரிய கேடு பின்னர் விளைவது. பொறுமை இழந்த அலுவலர் தடுப்பு நிரலையே நிறுத்திவிடுவர். மடல்கள் விரைந்து வரும். அவற்றோடு நஞ்சும் வரும். அளவிறந்த காவல் இங்ஙனம் காவலின்மையில் கொண்டுபோய் விடுகின்றது.

இதற்குத் தீர்வு உண்டு. 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அசோக் நகர் மெட்ரோ நிலையத்தில் பயணியரின் பைகளை நுழைவிடத்தில் சோதிப்பது வழக்கம். படிதோறும் பெட்டிதோறும் அதனையே மீண்டும் செய்யின் வண்டி நகருமோ? அங்ஙனமே, மடல்கள் அலுவலகத்திற்குள் நுழையும் அஞ்சல் வழங்கியிலேயே அவற்றை ஆராய்தல் வேண்டும். கணிப்பொறி ஒன்றுக்குத் தடுப்பு நிரல் ஒன்றே போதும். வரும் மடலும் திறக்கும் இணைப்பும் தவறாது ஆராயப்படுமாயின், மடல் பெட்டகத்தைக் கோப்புச் சோதனையினின்று விலக்கலாம். பழைய மடல்களைப் பிரித்து வைத்துப் பெட்டகத்தைச் சிறிதாக்கலாம். நேற்று அறியப்படாத நஞ்சு இன்று அறியப்படலாமாதலின், அடையாளங்களை நாடோறும் புதுப்பித்து, முழுச் சோதனையை அலுவல் இல்லாத வேளையில் நடத்துதல் வேண்டும்.

ஆராயாது ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தருவன என்பது, தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியை இங்குக் கொள்ளுங்கால் ஒன்றை மறத்தலாகாது. காதல் மடல் நஞ்சு அறிந்தவர் முகவரியிலிருந்தே வந்தது. ஆதலின் ஆராய்தற்குரியது அனுப்பியவரின் பெயர் அன்று, வந்த மடலே. வாயிலில் வழுவாத ஆராய்ச்சியும், உள்ளே வீண் ஐயமின்மையும் அமைந்த இடத்தில் காவலும் நிலைக்கும். பணியும் தடையின்றி நடக்கும்.