காசோலையும் காந்த மையும்

எழுத்தை வாசித்தல் மனிதனுக்கே உரிய வித்தையென நெடுங்காலம் கருதப்பட்டது. அரிச்சுவடியில் எழுத்தைக் கற்ற குழந்தை, பின்னர் எவர் எழுதினும், மை சற்றே கலைந்திருப்பினும், அதனை இனங்கண்டுகொள்கின்றது. பொறிக்கு அவ்வாற்றல் இயல்பாக அமைவதில்லை. ஆகவே பொறி வாசிக்கவேண்டிய எழுத்தைப் பொறியின் தன்மைக்கேற்ப ஆக்கிக் கொடுத்தல் வேண்டும். காசோலையின் அடிப்புறத்தே காணப்படும் விந்தையான இலக்க வரிசை இதற்குச் சிறந்த சான்றாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே காசோலைகள் பெருகின. அவற்றை எழுதுவினைஞர் கையாற் பிரித்துக் கணக்கிடுதல் அரிதாயிற்று. எனவே பாங்க் ஒப் அமெரிக்கா எனும் வங்கியின் பொருட்டு, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தார் 1950களில் 'ஏர்மா' எனும் கணக்குப் பொறியை ஆக்கினர். காசோலையின் மீது இறப்பர் முத்திரையும் கையெழுத்தும் அழுக்கும் படிதல் வழக்கம். ஒளியின் துணைகொண்டு வாசிக்கும் பொறி இவற்றால் மயங்கும். இரும்பு ஒட்சைட்டுக் கலந்த மையால் இலக்கங்களை அச்சிட்டாலோ, மேலே படிந்த சாதாரண மை பொறிக்குப் புலப்படாது. இம்முறையை வகுத்தவருள் முதன்மையானவர் கெனத் எல்ட்ரெட்ஜ் என்பவராவர். 'ஈ-13பீ' எனப்படும் எழுத்து வடிவத்தை அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1958ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதிற் பத்து இலக்கங்களும் நான்கு குறியீடுகளும் உள.

பொறி வாசிக்கும் முறை பின்வருமாறு: காசோலை ஓடும்பொழுது முதலில் ஒரு காந்தம் மையைக் காந்தமூட்டுகின்றது. அடுத்து, வாசிப்புத் தலையின் முன்னே ஒவ்வோர் எழுத்தும் வலப்பக்க விளிம்பு முந்தியதாகக் கடந்து செல்கின்றது. தலையின் முன் மை மிகும்போது மின் சைகை ஒரு திசையிலும், குறையும்போது எதிர்த்திசையிலும் எழும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்த அலைவடிவம் உண்டு. அவ்வலையைக் கொண்டே பொறி எழுத்தை அறிகின்றது. எனவே மையின் அளவும், எழுத்தின் வடிவும், தாள் ஓடும் வேகமும் ஆகிய மூன்றில் எது பிழைத்தாலும் வாசிப்புப் பிழைக்கும்.

வாசிப்புப் பிழைத்தவிடத்து முதலில் ஆராயற்பாலது, குற்றம் தாளினதா பொறியினதா என்பதே. நன்கு வாசிக்கப்படுமென அறியப்பட்ட காசோலையொன்றை அப்பொறியில் இட்டுப் பார்த்தல் வேண்டும். பிழைத்த காசோலையை வேறொரு பொறியில் இட்டுப் பார்த்தலும் வேண்டும். நல்ல காசோலையும் பிழைப்பின் குற்றம் பொறியினது. வாசிப்புத் தலையில் மைத்தூள் படிந்திருக்கலாம். உருளை தேய்ந்து தாளின் ஓட்டம் ஒரு சீராக இல்லாதிருக்கலாம். அண்மையிலுள்ள மின்னோடி முதலியவற்றின் காந்தப்புலம் குறுக்கிடவுங் கூடும். சிறு மேசைப் பொறியாயின், அதனைச் சற்றே இடம் மாற்றி வைத்தலாற் கடைசிக் குறை சில வேளை நீங்கும்.

குற்றம் தாளினதாயின், வரிசை முழுவதும் பிழைக்கின்றதா, ஓரெழுத்து மட்டும் பிழைக்கின்றதா என நோக்குதல் வேண்டும். வரிசை முழுவதும் பிழைப்பின், காந்த மைக்குப் பதிலாகச் சாதாரண மை இடப்பட்டிருத்தல் கூடும். இரண்டும் கண்ணுக்கு ஒரே கருமையாய்த் தோன்றுமாதலின், இக்குற்றம் பார்வையாற் புலப்படாது. அமெரிக்க நியமத்தின்படி சைகையின் வலிமை, குறித்த அளவின் நூற்றுக்கு 50க்கும் 200க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். எழுத்துக்களின் இடைவெளியும் முக்கியமானது. ஓரங்குலத்துக்கு எட்டு எழுத்துக்கள் அமைதல் விதி. கணினியில் அச்சிடுவோர் பக்கத்தைத் தாளுக்குள் அடக்கும்பொருட்டுச் சிறிது சுருக்கிவிடின், கண்ணுக்கு மாற்றம் தெரியாதாயினும் பொறிக்கு அவ்வரிசை அந்நியமாகிவிடும்.

ஓரெழுத்து மட்டும் பிழைப்பின், அதனிடத்தே மை விடுபட்டிருத்தலோ, மடிப்பு விழுந்திருத்தலோ, அருகே காந்த மைப் புள்ளி சிதறியிருத்தலோ காரணமாகலாம். காசோலையின் அடியில் ஓரங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு உயரமான இடத்தை இவ்வரிசைக்கென ஒதுக்கியிருப்பதன் நோக்கம் இதுவே. காசோலை முழுவதையும் காந்த மையால் அச்சிடுவோர் அவ்விடத்தில் அலங்காரக் கோடொன்றை இட்டுவிடின், பொறி அதனையும் எழுத்தெனக் கொண்டு மயங்கும்.

வாசிக்க இயலாதென ஒதுக்கப்பட்ட காசோலையை எழுதுவினைஞர் ஒருவர் கண்ணாற் பார்த்துத் திருத்துவர். அதனால் வருவது காலதாமதம் மட்டுமே. ஓரிலக்கத்தைப் பிறிதோர் இலக்கமெனக் கொள்ளுதலோ பெருந்தீங்கு. ஒருவர் எழுதிய காசோலைக்கு வேறொருவரின் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிடலாம். இதனைத் தடுக்கும்பொருட்டு அமெரிக்க வங்கிகளின் ஒன்பதிலக்க எண்ணிலே ஒரு காவல் வைத்துள்ளனர். இலக்கங்களை 3, 7, 1 என்பவற்றால் முறையே திரும்பத் திரும்பப் பெருக்கிக் கூட்டினால் வருந்தொகை பத்தால் மீதியின்றி வகுபடுதல் வேண்டும். பாஸ்டன் பெடரல் றிசேவ் வங்கியின் எண் 011000015. இதன் தொகை 7, 1, 7, 5 சேர்ந்து 20 ஆகும். கடைசி 5ஐப் பொறி 6 எனக் கொள்ளின் தொகை 21 ஆகிக் குற்றம் வெளிப்படும். ஆயினும் வாடிக்கையாளரின் கணக்கிலக்கத்துக்கு வங்கிகள் அனைத்துக்கும் பொதுவான இத்தகைய காவல் அங்கு இல்லை. ஆகவே ஐயமுற்றவிடத்து ஊகித்து விடைகூறும் பொறியினும், அறியேன் என ஒதுக்கும் பொறியே நம்பத்தக்கது.

2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2004 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமொன்று, மூலக் காசோலைக்குப் பதிலாக அதன் படிமத்திலிருந்து அச்சிட்ட தாளை ஏற்க வழிசெய்தது. அம்மாற்றுத் தாளிலும் காந்த வரிசை இருத்தல் வேண்டுமென்பது விதி. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டு முதற் காசோலையின் படிமமே தீர்வைக்கு அனுப்பப்படுகின்றது. முறைகள் மாறினும் பிழையை ஆராயும் நெறி மாறுவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து, எஞ்சியதைக் குற்றமெனத் துணிதலே அந்நெறி. ஆய்வுகூடத்திற் பயிலும் மாணவன் கைக்கொள்ளும் நெறியும் அதுவேயாம்.