வேலைக்குப் போகலாம், வீட்டுக்குப் போகக்கூடாது: கோவிட் காலப் பயண விதிகள்

கோவிட் காலத்தில் மலேசியாவின் பயண விதிகள் அடுக்கடுக்காக இருந்தன. நாட்டு எல்லைக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கே ஒன்று. சிலாங்கூரின் தெலுக் பங்லிமா காராங் மக்களுக்குச் சென்னை விமானம் நின்றதைவிட, பக்கத்துக் கிள்ளானுக்குப் போக முடியாததுதான் அன்றாடச் சங்கடம். ஊர் கோலலங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிள்ளான் தனி மாவட்டம். பந்திங் சாலையில் தினமும் கடந்துபோகும் அந்த எல்லையை அதற்கு முன் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

2020 மார்ச் 16 அன்று பிரதமர் முகிடின் யாசின் அறிவித்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான 1988ஆம் ஆண்டின் சட்டம் 342தான் அதற்கு அடிப்படை. வெளிநாட்டினர் உள்ளே வரவும் மலேசியர் வெளியே போகவும் தடை. ஏப்ரலில் பிடி மேலும் இறுகியது. சாமான் வாங்குவதென்றாலும் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்தான் போகவேண்டும், காரில் ஒருவர்தான் இருக்கவேண்டும். ஜூன் 10 அன்று மாநில எல்லைகள் திறந்தன. நிம்மதி நான்கு மாதம்தான்.

அக்டோபர் 14 முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் கட்டுப்பாடு திரும்பியது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் தடை. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிமணி எடுத்து, முறுக்கு வாங்கி, அப்படியே மாமா வீட்டுக்கும் ஒரு நடை போய்வருவது கோலலங்காட் குடும்பங்களின் வழக்கம். அது இப்போது சட்டவிரோதமாகிவிட்டது. அதே சாலையில், அதே போலீஸ் தடுப்பில், முதலாளி கொடுத்த கடிதத்தை நீட்டிய தொழிலாளிக்கு வழிவிடப்பட்டது. தெலுக் பங்லிமா காராங்கின் தொழிற்பேட்டைக்கு ஆள் வந்தாகவேண்டுமே! சாவு வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போகிறவர்கள் போலீஸ் நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கிருமிக்கு நோக்கம் தெரியாது. விதி நோக்கத்தை மட்டுமே பார்த்தது. 2021 ஜூலையில் சிலாங்கூரின் பெரும்பகுதியில் இரண்டு வாரக் கடுமையாக்கப்பட்ட ஆணை வந்தபோது இந்தப் பாகுபாடு ஓரளவு குறைந்தது. அத்தியாவசியமல்லாத தொழிற்சாலைகளும் அப்போது மூடப்பட்டன.

நாட்டு எல்லையில் கேள்வி வேறு. திரும்பி வரும் குடிமக்களைத் தடுக்க முடியாது, அடைத்துவைக்கலாம். 2020 ஏப்ரல் 3 முதல் அவர்கள் அரசு ஏற்பாடு செய்த இடங்களில் 14 நாள் தங்க வைக்கப்பட்டனர். ஜூன் 10க்குப் பிறகு, கையில் இளஞ்சிவப்பு வளையம் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தத் தளர்வின் விலை கெடாவில் தெரிந்தது. ஜூலையில் சிவகங்கையிலிருந்து திரும்பிய உணவகக்காரர் ஒருவர் தனிமையை மீறி வெளியே போனார். அதிலிருந்து பரவிய தொற்றுத் திரளுக்கு 'சிவகங்கா' என்றே அதிகாரிகள் பெயரிட்டார்கள். 40க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. குற்றம் ஒருவருடையது, பெயர் கெட்டது ஒரு சீமைக்கு.

ஜூலை 24 முதல் மீண்டும் கட்டாயத் தங்கல், இம்முறை சொந்தச் செலவில். குடிமக்களுக்கு நாளுக்கு 150 ரிங்கிட் வீதம் 14 நாளைக்கு 2,100 ரிங்கிட். வெளிநாட்டினருக்கு நடைமுறைச் செலவும் சேர்த்து 4,700. ஒரு குடும்பத்தில் நாலு பேர் திரும்பினால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம். இது மலேசியாவின் தனி வழக்கமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா 2020 செப்டம்பர் 1 அன்று அக்ராவின் கோட்டோகா விமான நிலையத்தைத் திறந்தபோது, கையில் பரிசோதனைச் சான்று இருந்தாலும், இறங்கியதும் இன்னொரு பரிசோதனை செய்யவேண்டும் என்றது. கட்டணம் 150 அமெரிக்க டாலர். அண்டை நாடுகளின் எக்கோவாஸ் கூட்டமைப்புக் குடிமக்களுக்கு மட்டும் பின்னர் 50 டாலராகக் குறைத்தது. 2021 டிசம்பர் முதல் வயதுவந்த பயணிகளுக்குத் தடுப்பூசியும் கட்டாயமாக்கப்பட்டது. தடுப்பூசி போடாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு 3,500 டாலர் அபராதம். ஏழை நாடு, பணக்கார நாடு என்றில்லை, பயணியின் பணப்பையில்தான் எல்லாரும் கைவைத்தார்கள்.

2021 ஏப்ரல் 28 முதல் இந்தியாவிலிருந்து விமானங்களும் பயணிகளும் வர மலேசியா தடைவிதித்தது. டெல்டா வகைத் தொற்று இந்தியாவைப் புரட்டிப்போட்ட நாட்கள் அவை. நவம்பரில் ஓமிக்ரான் வந்ததும் தடை ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்கு நாடுகள் மீது திரும்பியது. இப்படி நாடுகளைப் பட்டியலிடுவதில் உள்ள ஓட்டையைச் சென்னை காட்டியது. தமிழ்நாட்டில் டிசம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்ட முதல் ஓமிக்ரான் நோயாளி, நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக வந்தவர். இந்திய அரசின் ஆபத்து நாடுகள் பட்டியலில் அப்போது நைஜீரியா இல்லை.

பயணிகளைத் தனிமைப்படுத்தும் கதை கிள்ளானுக்குப் புதிதல்ல. கிள்ளான் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர்கள் தனிமை முகாமைத் தாண்டித்தான் தோட்டங்களுக்குப் போனார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்குப் புலாவ் ஜெரஜாக் தீவு முகாம். முகாம், கப்பலின் திறந்த தளத்தில் வந்த டெக் பயணிகளுக்குத்தான். கேபின் டிக்கெட்காரர்களுக்கு அந்த உபத்திரவம் பெரும்பாலும் இல்லை.

மலேசியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசியை முடித்தபின், 2021 அக்டோபர் 11 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கு மாநில எல்லை திறந்தது. 2022 ஏப்ரல் 1 அன்று நாட்டு எல்லையும் திறந்தது. புறப்படுவதற்கு 2 நாளுக்குள் ஒரு பரிசோதனை, வந்து 24 மணி நேரத்துக்குள் இன்னொன்று, மைசெஜாத்ரா செயலியில் பயணி அட்டை என்று சில நிபந்தனைகள் மிஞ்சின. தடுப்பூசி முடித்தவர்களுக்கு மே 1 முதல் பரிசோதனை நீங்கியது. ஆகஸ்ட் 1 முதல் தடுப்பூசிக் கேள்வியும் இல்லை.

ஆனால் மேற்கு ஆப்பிரிக்கா போகிறவர்கள் மறக்கக்கூடாத விதி ஒன்று கோவிட்டுக்கு முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. நோய் உள்ள நாட்டிலிருந்து மலேசியா திரும்பும்போதும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் அந்தச் சான்றைக் கேட்பார்கள். டெங்கியைப் போலவே இந்த நோயையும் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். டிக்கெட் எடுக்கும் நாளிலேயே ஊசிக்கும் நாள் குறித்துவிடுங்கள்.