பெருவிரலை அமுக்கினால் தலைவலி போகுமா? ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி வந்த கதை

பழங்காநத்தம் வழியாகத் திருப்பரங்குன்றம் பௌர்ணமி கிரிவலத்துக்குச் செருப்பில்லாமல் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்க. "கால்ல கல்லு குத்துனா உடம்புக்கு நல்லது" என்று ஒருத்தராவது சொல்வார். பூங்காவில் கூழாங்கல் பாதை, பொருட்காட்சியில் ஃபுட் மசாஜர், ஸ்பா சுவரில் கலர் கலராகப் பாதப் படம் என எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: உள்ளங்காலில் மொத்த உடம்பும் இருக்கிறது.

இது நம்ம ஊர் பழைய வைத்தியம்தானே? முழுசா அப்படி இல்லை. சித்தத்தில் வர்மம் உண்டு, ஆயுர்வேதத்தில் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பது உண்டு. ஆனால் அந்த கலர் படம் அமெரிக்கச் சரக்கு!

வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது-மூக்கு-தொண்டை டாக்டர், உடம்பைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்குப் பகுதிகளாகப் பிரித்தார். விரலில் ரப்பர் பேண்ட் சுற்றினால் அதே பகுதியில் இருக்கும் வலி மரத்துப்போகும் என்றார். 'ஸோன் தெரபி' புத்தகம் வந்தது 1917-ல். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்துக்குள் சுருக்கினார். பெருவிரல் தலை, உள்பக்க விளிம்பு முதுகெலும்பு, வலது பாதத்தில் கல்லீரல். அங்கே படிந்த கழிவுத் துகள்களை அமுக்கிக் கரைத்தால் உறுப்பு சரியாகும் என்பது அவர் விளக்கம்.

எகிப்தில் சக்காரா கல்லறையில் 4,000 வருடத்துக்கு முந்தைய சித்திரம் இருக்கே என்பார்கள். இருக்கு. ஒருவர் இன்னொருவரின் காலைப் பிடித்திருக்கிறார். வைத்தியமா, நகம் வெட்டலா என்பதே விவாதம்.

சிக்கல் உடற்கூறில். உள்ளங்கால் நரம்புகள் முதுகுத் தண்டுக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போகின்றன. கிட்னிக்கு என்று தனி லைன் கிடையாது. 18 பரிசோதனைகளை அலசிய 2009-ம் ஆண்டு ஆய்வு, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரலில், அரசு மானியம் பெறும் தனியார் இன்சூரன்ஸ் பட்டியலிலிருந்தே இது நீக்கப்பட்டது.

ஆனா சுகமா இருக்கே? இருக்கும். நல்ல மசாஜ் டென்ஷனைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும். அதற்காகப் போவதில் தப்பே இல்லை. "கிட்னி பாயின்ட்" அமுக்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். கூழாங்கல் கீறினாலும், தார் ரோடு சுட்டாலும் வலிக்காது. புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அம்மா, அப்பாவைக் கூழாங்கல் பாதைக்கு அனுப்பும் முன் பாத உணர்வைச் சோதிச்சிடுங்க. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் டெஸ்ட்தான். சில நிமிட வேலை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் மசாஜே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தக்கட்டியாக இருந்தால் அமுக்குவதில் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.