தண்ணீரின் நலம் சொல்லும் மீன் கணக்கு

மண்ணு நல்லா இருக்கா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? ஒரு அடி தோண்டி மண்புழுவை எண்ணுகிறோம். தண்ணீருக்கு அந்த மண்புழு, மீன்தான்.

அமெரிக்க ஏரிகளில் இந்தக் கணக்கை எடுக்க மின்சாரப் படகு வைத்திருக்கிறார்கள். படகில் ஜெனரேட்டர் ஓடும். முன்பக்கம் நீட்டிய கழிகளிலிருந்து கம்பிகள் தண்ணீருக்குள் தொங்கும். அளவோடு விடும் மின்சாரத்தில் பக்கத்து மீன்கள் சற்று நேரம் மயங்கும். கைவலையால் அள்ளி, நீளமும் எடையும் பார்த்து, தெளிந்ததும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். மணிக்கு எத்தனை மீன் என்று எழுதி, வருடா வருடம் ஒப்பிடுவார்கள்.

நம்ம எண்ணூர் கழிமுகத்தில் இந்தப் படகு எடுபடாது. கொசஸ்தலை ஆறு அங்கே கடலோடு கலக்கிறது. உப்புத் தண்ணீர் மீனின் உடம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மின்சாரம் மீனைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

காட்டுக்குப்பத்தில் ஒரு மீனவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "கரண்டு இன்னாத்துக்குண்ணா? வலைய எடுத்தாலே ஆறு எப்டி கீதுன்னு தெரிஞ்சிடும்."

உண்மைதான். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாகியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி ஆற்றுத் தரையை மூடி இறாலுக்கு இடமில்லாமல் செய்கிறது. இதையெல்லாம் வலை சொல்லிவிடும். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விரலே சொல்லிவிடும்.

"எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அதுதான் எனக்கு உறைத்தது. இழப்பீடு கேட்டுப் போகும்போது, "முன்னே எவ்வளவு கிடைத்தது?" என்ற கேள்விக்கு நினைவு மட்டும் போதாது.

நமக்கும் அதே பாடம்தான். உங்கள் பண்ணைக்குட்டையில் மாதம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வீச்சுவலையைப் பத்து தடவை வீசுங்கள். என்ன மீன், எத்தனை, என்ன அளவு என்று தேதி போட்டு எழுதிவிட்டு மீனைத் திரும்ப விடுங்கள். வலையும் வீச்சும் மாறினால் கணக்கு பொய்யாகிவிடும். இந்த ஆடியை அடுத்த ஆடியோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வயல் பூச்சிமருந்து வழிந்து வந்தால் நோட்டு காட்டிக்கொடுக்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: வீட்டுக் கரண்டையோ பம்புசெட் ஒயரையோ குட்டையில் போட்டுப் பார்க்காதீர்கள். அது மீனோடு ஆளையும் கொன்றுவிடும். நமக்கு வலையும் நோட்டும் போதும்.