ராட்டினத்தடி

நகரி மூக்கு மலை தெரியும் நெசவுத் தெருக்களில் அந்தக் காலத்தில் யாரும் பிள்ளைகளை உட்காரவைத்து நெசவு சொல்லித்தந்ததில்லை. பாட்டி ராட்டினம் சுற்றுவாள், பேத்தி சிக்கெடுப்பாள். சில நாளில் அவள் கையும் ராட்டினத்துக்குப் போய்விடும். ஊடை நூல் சுற்றிய முதல் தார் தொளதொளவென்றிருக்கும். நாடாவில் போட்டால் நூல் சரிந்து சிக்கும். தாத்தா திட்டிவிட்டுத் தாரைத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த தாரில் விரல் தானாக இறுகிப் பிடிக்கும். பிறகு அறுந்த இழையை முடிவது, பாவுக்குக் கஞ்சி போடும் விடியற்காலையில் கூட நிற்பது, விழுதில் இழை எடுத்துக்கொடுப்பது. தறிக்குழியில் கால் இறங்குவது கடைசியில்தான். அதற்குள் சத்தத்தை வைத்தே இழை அறுந்ததைச் சொல்லும் காது வந்திருக்கும். கரைக்கு என்ன நிறம் என்று பெரியவர்கள் பேசும்போது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு சொல் இருக்கும்.

லைபீரியாவின் தையற்காரர்களிடம் ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் பார்த்ததும் இதைத்தான். அங்கே பொத்தான் தைப்பதில் தொடங்கும் பையன், துணி வெட்டுவதைக் கடைசியில்தான் கற்பான். எத்தியென் வெங்கருடன் சேர்ந்து 1991இல் அவர் எழுதிய நூல், வேலையின் ஓரத்தில் இடம் கிடைத்தவர் மெல்ல நடுவுக்கு வருவதையே கற்றல் என்கிறது. நம் வீடுகளில் அந்த ஓரம் ராட்டினத்தடி.

இன்று நகரியும் ஏகாம்பரகுப்பமும் விசைத்தறி ஊர்கள். தாரை இயந்திரம் சுற்றுகிறது. நாடா பாயும் வேகத்துக்கும் இரைச்சலுக்கும் பக்கத்தில் பிள்ளையை விட முடியாது, விடவும் கூடாது. கைத்தறியின் வறுமையை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் படிக்கப் போனது நல்லது. ஆனால் வேலையில் அவர்களுக்கென்று இருந்த சிறிய இடம் போய்விட்டது.

அதோடு சொற்களும் போகின்றன. 1911இல் நகரி அடங்கிய சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. பள்ளியில் தெலுங்கு படித்த நெசவாளர் பிள்ளைக்குப் பாவு, ஊடை, அச்சு, விழுது என்ற தமிழைக் கொடுத்தது தறிதான்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் மட்டும் அந்த ஓரம் இன்னும் மிச்சமிருக்கிறது. வேடம் கட்டும் இடத்தில் சிறுவன் கண்ணாடி பிடிக்கிறான், சலங்கை எடுத்துக்கொடுக்கிறான், பின்பாட்டில் குரல் சேர்க்கிறான். படுகளத்துக்குத் துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்து படுக்கவைக்கும்போது மண் சுமக்கிறான். பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. ஆனாலும் பாரதக் கதை முழுவதும் அவனுக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ராட்டினம் கிடந்தால் இறக்கித் துடையுங்கள். பாட்டி இருக்கும்போதே, இந்தக் கோடை விடுமுறையில், பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாராவது சுற்றட்டும்.