பல மாத வெளிநாட்டுப் பயணம்: விசா நாட்களும் கியூபெக் நாட்களும்

1980களில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தலைமுறையினர் பலர் இன்று ஓய்வூதிய வயதை எட்டியுள்ளனர். பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-தே-நேஜ் முதலிய பகுதிகளில் வாழும் அவர்களில் பலர், குளிர்காலத்தின் சில மாதங்களை யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ கழிக்க விரும்புகின்றனர். தைப்பொங்கலை ஊரில் கொண்டாடவும், உறவினர் திருமணங்களில் கலந்துகொள்ளவும், வயது முதிர்ந்த சகோதரர்களுடன் சில காலம் சேர்ந்திருக்கவும் இப்பயணங்கள் வாய்ப்பளிக்கின்றன.

பயணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விசா. ஆயினும், விசா கிடைத்ததுடன் ஏற்பாடுகள் நிறைவுபெற்றுவிட்டதாகக் கருதலாகாது. செல்லும் நாடு எத்தனை நாட்கள் தங்க அனுமதிக்கிறது என்பது ஒரு கணக்கு. கியூபெக்கை விட்டு எத்தனை நாட்கள் விலகியிருக்கலாம் என்பது வேறொரு கணக்கு. முதற்கணக்கில் தவறினால் தண்டப்பணம் செலுத்த நேரிடலாம். இரண்டாவதில் தவறினால் ஓர் ஆண்டுக்கான மருத்துவக் காப்புறுதியையே இழக்க நேரிடலாம். எனவே, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே இரண்டு கணக்குகளையும் சரிபார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1. உங்களுக்கு விசா தேவையா?

இலங்கையில் பிறந்து கனடியக் குடியுரிமை பெற்றவர்களில் சிலர், பிறந்த நாட்டுக்குச் செல்ல விசா தேவையில்லை எனக் கருதுகின்றனர். இது சரியன்று. இலங்கைச் சட்டத்தின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றிருந்தாலன்றி, இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாதவர், ஏனைய கனடியர்களைப் போலவே அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும்.

இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனடியக் குடியுரிமை பெற்ற முன்னாள் இந்தியர், தமது இந்தியக் கடவுச்சீட்டை முறைப்படி ஒப்படைத்துச் சான்றிதழ் பெற வேண்டும். 'ஓ.சி.ஐ.' அட்டை வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. அந்த அட்டை இந்தியக் குடியுரிமை அன்று; எனினும், அது வாழ்நாள் முழுவதும் இந்தியாவுக்குச் சென்றுவர அனுமதிக்கிறது.

இரட்டைக் குடியுரிமை உடையவர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். கனடியக் குடிமக்கள் விமானத்தில் கனடாவுக்குத் திரும்பும்போது செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டை வைத்திருத்தல் அவசியம். இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் விமான நிறுவனம் பயணியை ஏற்றிச்செல்ல மறுக்கலாம்.

2. செல்லுபடிக் காலமும் தங்கும் காலமும்

பேச்சு வழக்கில் 'விசாக் காலம்' என்று நாம் குறிப்பிடுவது உண்மையில் இரு வேறு காலங்களைக் குறிக்கிறது. விசாவைப் பயன்படுத்தி நாட்டுக்குள் நுழையக்கூடிய காலம் செல்லுபடிக் காலம் ஆகும். ஒருமுறை நுழைந்தபின் தொடர்ந்து எத்தனை நாட்கள் இருக்கலாம் என்பது தங்கும் காலம் ஆகும். பல ஆண்டுகள் செல்லுபடியாகும் விசாவைப் பெற்றவர் பல ஆண்டுகள் தொடர்ந்து தங்கலாம் என்று பொருளன்று.

இலங்கை: சுற்றுலாப் பயணிகள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 'இ.டி.ஏ.' எனப்படும் மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கின்றனர். இதன்மூலம் முதலில் கிடைப்பது, நாட்டை வந்தடைந்த நாளிலிருந்து 30 நாட்கள் மட்டுமே. அதற்கு மேல் தங்க விரும்புபவர், அந்த 30 நாட்கள் முடிவதற்கு முன்னரே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். திணைக்களத்தின் தலைமை அலுவலகம் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு என்பதால், இணையவழி விண்ணப்பமே முதியவர்களுக்கு எளிது. கடவுச்சீட்டு, வந்தடையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

இந்தியா: இந்தியத் தூதரகம் வழங்கும் சுற்றுலா விசாவின் செல்லுபடிக் காலம், நீங்கள் தரையிறங்கும் நாளிலிருந்து அன்றி, விசா வழங்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே மிக முன்கூட்டியே பெறப்படும் குறுகியகால விசாவின் ஒரு பகுதி மொன்றியலிலேயே கழிந்துவிடும். ஒவ்வொரு வருகையிலும் எத்தனை நாட்கள் தொடர்ந்து தங்கலாம் என்பது விசாவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரியைக் கவனமாக வாசியுங்கள். கியூபெக் வாசிகளுக்கான தூதரகப் பணிகள் ஒட்டாவாவிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில் உள்ளன.

இரு நாடுகளுக்கும் பொதுவான மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சுற்றுலா விசாவில் சென்று அங்கு வேலை செய்தல் கூடாது. இரண்டாவது, அரசு இணையத்தளம் போன்ற தோற்றமுடைய தனியார் தளங்கள் பல மடங்கு கட்டணம் அறவிடுகின்றன; முகவரியைச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். மூன்றாவது, விதிகள் திடீரென மாறக்கூடும். 2023 செப்டம்பர் 21 அன்று கனடியர்களுக்கான விசாப் பணிகளை இந்தியா இடைநிறுத்தியது. அடுத்த இரு மாதங்களில் அவை படிப்படியாகவே மீண்டும் தொடங்கின. இலங்கையில் 2024 ஏப்ரலில் விசா வழங்கும் பணி தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகஸ்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. செப்டம்பர் இறுதியில் பழைய இ.டி.ஏ. முறை திரும்பியது. கடந்த ஆண்டு சென்றுவந்த உறவினர் கூறும் நடைமுறை இவ்வாண்டும் பொருந்தும் எனக் கொள்ளாமல், விண்ணப்பிக்கும் நாளன்று அதிகாரபூர்வத் தளத்தைப் பாருங்கள்.

3. கியூபெக் மருத்துவக் காப்புறுதி: 183 நாள் விதி

'ரம்க்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கியூபெக் சுகாதாரக் காப்புறுதி வாரியம், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான நாட்காட்டி ஆண்டைக் கொண்டு கணக்கிடுகிறது. ஒரே ஆண்டில் 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் கியூபெக்கிற்கு வெளியே இருப்பவர், பொதுவாக அவ்வாண்டு முழுவதற்குமான காப்புறுதித் தகுதியை இழக்கிறார். அவ்வாண்டில் ஏற்கனவே பெற்ற மருத்துவச் சேவைகளின் செலவையும் திருப்பிச் செலுத்துமாறு கோரப்படலாம். தொடர்ச்சியாக 21 நாட்களோ அதற்குக் குறைவாகவோ நீடித்த பயணங்கள் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இவ்விதி குளிர்காலப் பயணிகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓய்வுபெற்ற தம்பதியர் இருவர் நவம்பர் 15 அன்று யாழ்ப்பாணம் புறப்பட்டு, அடுத்த ஆண்டு மே 5 அன்று திரும்புகின்றனர். இப்பயணம் ஆறு மாதங்களுக்கும் குறைவானது. விசா நீட்டிப்பும் முறையாகப் பெறப்பட்டுள்ளது. அதே ஆண்டு பேத்தியின் திருமணத்திற்காக அக்டோபர் 15 அன்று மீண்டும் சென்று, ஜனவரி இறுதி வரை தங்குகின்றனர். இரண்டாம் பயணமும் குறுகியதே. அதற்கும் அனுமதி உண்டு.

இப்போது நடு ஆண்டை மட்டும் கணக்கிடுங்கள். ஜனவரி 1 முதல் மே 5 வரை 125 நாட்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 31 வரை 78 நாட்கள். மொத்தம் 203 நாட்கள். எந்த ஒரு பயணமும் ஆறு மாதங்களைத் தாண்டவில்லை. எந்த விசா விதியும் மீறப்படவில்லை. ஆயினும் அவ்வாண்டுக்கான காப்புறுதி இருவருக்கும் கேள்விக்குறியாகிவிடுகிறது. முதற்பயணத்திலிருந்து ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பியிருந்தால் இந்நிலை ஏற்பட்டிராது.

ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 183 நாட்களோ அதற்கு மேலோ வெளியே இருந்தும் தகுதியைப் பேணிக்கொள்ள விதி இடமளிக்கிறது. ஆனால் இதனை வாரியத்திற்கு அறிவிக்க வேண்டும். மேற்கூறிய தம்பதியர், திருமணத் திகதி உறுதியானதும் வாரியத்தைத் தொடர்புகொண்டிருந்தால், இச்சலுகை அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடும்.

தகுதி நீடித்தாலும், வெளிநாட்டு மருத்துவமனைச் செலவின் சிறு பகுதியையே வாரியம் ஏற்கிறது; கனடாவுக்கு வெளியே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நாளொன்றுக்கு அதிகபட்சம் 100 டொலர் வழங்கப்படுகிறது. எஞ்சிய தொகையை ஈடுசெய்யத் தனியார் பயணக் காப்புறுதி இன்றியமையாதது. அதனை வாங்கும்போது நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் முதலிய ஏற்கனவே உள்ள நோய்களை மறைக்காது குறிப்பிடுங்கள். மறைக்கப்பட்ட நோய் பின்னர் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம்.

4. ஓய்வூதியம், சமூக உதவி, வதிவுரிமை

முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம்: 18 வயதிற்குப் பின் கனடாவில் குறைந்தது 20 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, வெளிநாட்டில் இருக்கும்போதும் இது தொடரும். அவ்வளவு காலம் வாழாதவருக்கு, ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் நிறுத்தப்படும். பிள்ளைகளின் அனுசரணையில் பிற்காலத்தில் வந்த பெற்றோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

உத்தரவாத வருமான மேலதிகக் கொடுப்பனவு: எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருப்பினும், ஆறு மாதங்களுக்கு மேல் கனடாவுக்கு வெளியே இருந்தால் இது நிறுத்தப்படும்.

கியூபெக் சமூக உதவி: இதன் வரம்பு மிகக் குறுகியது. ஒரு மாதத்தில் தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேலோ, மொத்தம் 15 நாட்களுக்கு மேலோ கியூபெக்கிற்கு வெளியே இருப்பவர் பொதுவாகத் தகுதியை இழக்கிறார்.

நிரந்தர வதிவாளர்கள்: ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். வதிவாளர் அட்டை பயணத்தின் நடுவே காலாவதியானால், அது இன்றி விமானம் ஏற இயலாது. வெளிநாட்டிலிருந்தே சிறப்புப் பயண ஆவணத்திற்கு விண்ணப்பிக்க நேரிடும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர்கள், அதற்குத் தேவையான 1,095 நாட்கள் தள்ளிப்போவதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

5. வீடும் தபாலும்

மொன்றியலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடிவடைகின்றன. அத்தகைய ஓராண்டு ஒப்பந்தத்தில், வாடகை உயர்வு பற்றிய அறிவித்தலை வீட்டு உரிமையாளர் ஜனவரி தொடக்கத்திற்கும் மார்ச் இறுதிக்கும் இடையே அனுப்புவார். குளிர்காலப் பயணிகள் ஊரில் இருக்கும் காலமும் அதுவே. அறிவித்தல் கிடைத்த ஒரு மாதத்திற்குள் வாடகையாளர் பதிலளிக்காவிடின், உயர்வுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இணங்கியதாகவே சட்டம் கருதுகிறது. எனவே, கடிதங்களைத் திறந்து வாசிக்கவும், உங்கள் சார்பில் பதிலளிக்கவும் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் வழங்கிச் செல்லுங்கள்.

சொந்த வீடு உடையவர்களுக்கு நகரசபையின் சொத்துவரிப் பட்டியல் ஜனவரியில் அனுப்பப்படுகிறது. முதல் தவணை பயணக் காலத்திலேயே செலுத்த வேண்டியதாக அமையலாம். ஆளில்லாத வீட்டைக் குளிர்காலத்தில் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்வையிட வேண்டும் என்பதையும் உங்கள் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். குழாய்கள் உறைந்து வெடித்தால் இழப்பீடு அதனைப் பொறுத்தே அமையும். காரைத் தெருவில் நிறுத்திச் செல்ல வேண்டாம். பனி அகற்றும் நாட்களில் அது இழுத்துச் செல்லப்படும்.

6. புறப்படுமுன் செய்ய வேண்டியவை

• கடவுச்சீட்டு, வதிவாளர் அட்டை, மெடிகேர் அட்டை ஆகியவற்றின் காலாவதித் திகதிகளைச் சரிபார்த்தல்.

• இவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் கியூபெக்கிற்கு வெளியே கழியும் நாட்களைத் தனித்தனியே நாட்காட்டியில் குறித்துக் கூட்டுதல்.

• 183 நாட்களை நெருங்கினால் ரம்க் வாரியத்தையும், ஆறு மாதங்களை நெருங்கினால் சர்விஸ் கனடாவையும் முன்கூட்டியே தொடர்புகொள்ளுதல்.

• விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளை எழுதிவைத்தல்.

• மருந்துகளை அவற்றின் மூலப் பொதியிலேயே, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டுடன் எடுத்துச் செல்லுதல்.

• கனடிய வெளிவிவகார அமைச்சின் 'வெளிநாட்டிலுள்ள கனடியர் பதிவு' எனும் இலவசச் சேவையில் பெயரைப் பதிதல்.

• விமானச் சீட்டுகளையும் கடவுச்சீட்டு முத்திரைகளின் நகல்களையும் திரும்பி வந்தபின்னும் பாதுகாத்தல். நாட்கணக்குப் பற்றி வினவப்பட்டால் இவையே சான்றாகும்.

7. மேலதிக உதவி

இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக எழுதப்பட்டது. தனிப்பட்ட சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது. விசா வழங்குதல், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் ஆகியவை நகரசபையின் அதிகாரத்திற்கு உட்பட்டவை அல்ல. அவற்றைப் பற்றிய இறுதி முடிவு உரிய அலுவலகங்களுடையதே. சொத்துவரி, பனி அகற்றல் முதலிய நகரசபைச் சேவைகள் பற்றி அறிய 311 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

ஊருக்குச் செல்லும் பயணம் மகிழ்ச்சியுடன் நிறைவுற வேண்டுமாயின், புறப்படும் நாளைக் குறிக்கும்போதே திரும்பும் நாளையும் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.