எடை ஒன்றே உடல்நலம் ஆகுமா?

"குண்டு", "நோஞ்சான்" என்னும் பட்டப்பெயர்கள் பள்ளித் திடலில் மிக எளிதாகப் பிறந்துவிடுகின்றன. பருத்தவர் நோயாளர், மெலிந்தவர் நலமுடையவர் என்று பெரியோர்களாகிய நாமும் எண்ணி வருகிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது?

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டம் பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. உயரத்திற்கு மிஞ்சிய எடையுள்ள மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, பள்ளிக்கு முன்போ பின்போ, ஓய்வு வேளையிலோ கூடுதல் உடற்பயிற்சி செய்விக்கப்பெற்றனர். நோக்கம் நல்லதே, பருத்த மாணவரின் விழுக்காடும் ஓரளவு குறைந்தது. ஆயினும், தோழர்கள் சிற்றுண்டிச்சாலையில் உண்ணும்போது தாம் மட்டும் ஓட நேர்ந்த சிறுவர் பட்ட நாணத்தை எந்த நிறைகோல் அளக்கும்? அத்திட்டப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ஃபேட்', அதாவது கொழுப்பு, என்று வரும். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க நெடுநாள் வேண்டுமா? 2007இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவரின் உடல், உள்ள நலனையும் ஒருங்கே பேணும் முறை வந்தது.

மருத்துவமனைகளில் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு, கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதாகும். பெல்ஜிய நாட்டுக் கணித, வானியல் அறிஞர் கெத்தலே, 19ஆம் நூற்றாண்டில் மக்களின் சராசரியை அறியக் கண்ட கணக்கு அது. தனி ஒருவரின் நோயை அறிவதற்கன்று. மேடு பள்ளம் ஏறி உழைப்பவரின் தசையும், அமர்ந்தே இருப்பவரின் கொழுப்பும் அதற்கு ஒன்றே. ஆசியர்களுக்கோ அதிகம் பருக்காத உடலிலும் இனிப்பு நீர் வரக்கூடும். "நான் ஒல்லிதானே" என்று டின்பால் தேநீரை நாளும் நான்கைந்து கோப்பை பருகுவோர் இதனைக் கருதுதல் நன்று.

எடை ஒரு பொருட்டே அன்று எனக் கொள்ளற்க. மிகுந்த எடை இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இடந்தரும். ஆனால் இரத்த அழுத்தத்தையும், இரத்தத்திலுள்ள சீனியையும், உறக்கத்தையும், படியேறுகையில் இரைக்கும் மூச்சையும் நிறைகோல் காட்டாது. நாள்தோறும் நடப்பவருக்கு எடை குறையாவிடினும் கொதிப்பும் சீனியும் சீர்படுவதுண்டு.

பெற்றோர்களே! வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாலையில் பருத்தவனும் மெலிந்தவனும் ஒரே பந்தைத் துரத்தட்டும். கீரையையும் மீனையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒன்றாகவே பரிமாறுங்கள். ஒரு பிள்ளையின் தட்டை மட்டும் சுருக்க வேண்டா.